காந்த நாடாவில் பிழை தோன்றினால்: கடலோர அலுவலகங்களுக்கான அறிகுறிவாரி வழிமுறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் தரவின் காப்புப்படியைக் காந்த நாடாவில் எழுதிவைக்கும் கல்லூரிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், ஆவணக் காப்பகங்கள் என எங்கு பார்த்தாலும், திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றியதும் சொல்லப்படுவது ‘டேப் போய்விட்டது’ என்பதே. அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. அதை நம்பி அவசரத்தில் செய்யப்படும் காரியங்களே பல வேளைகளில் உண்மையான இழப்பை உண்டாக்கிவிடுகின்றன. இன்று பரவலாகப் பயன்படும் எல்டிஓ வகை நாடாவில் (பெயரோடு வரும் எண் அதன் தலைமுறையைக் குறிக்கும்), எழுதும் ஹெட்டைத் தொடர்ந்து வரும் படிக்கும் ஹெட் எழுதியதை அந்தக் கணமே படித்துச் சரிபார்க்கிறது. சரியாகப் பதியாத பகுதியை, நாடாவை ஓட்டும் கருவியான டிரைவே சற்றுத் தள்ளி மீண்டும் எழுதிக்கொள்கிறது. இவற்றுக்கு மேல் ரீட்-சாலமன் என்னும் கணித முறையில் இரண்டு அடுக்குப் பிழைதிருத்தமும் இருக்கிறது. எல்டிஓ-8 வகைக்கு அறிவிக்கப்பட்டுள்ள திருத்த முடியாத பிழை அளவு, 10இன் 19ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்று. நிறுவனத் தர ஹார்ட் டிஸ்குகளுக்கு அது பொதுவாக 10இன் 15ஆம் அடுக்குக்கு ஒன்று. இத்தனை காப்பு இருந்தும் பிழை வருகிறதென்றால், நாடாவைக் குறைசொல்வதற்கு முன் டிரைவையும் கேபிளையும் அறையின் ஈரத்தையும் மென்பொருளையும் ஐயுற வேண்டும். அவ்வாறு ஐயுறும் வரிசையைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யவேண்டியது

ஐயத்துக்குரிய கார்ட்ரிட்ஜின், அதாவது நாடா அடங்கிய பெட்டியின், எழுத்துத் தடுப்புத் தாழை உடனே பூட்டும் பக்கம் தள்ளிவிட வேண்டும். பிழை என்னவென்று தெரியும்வரை அந்த நாடாவில் ஒரு பிட்கூடப் புதிதாக எழுதப்படக் கூடாது. ‘ஃபார்மட் செய்து பார்ப்போம்’ என்ற யோசனைக்கு இடமே தரக் கூடாது. பிறகு பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு, எந்தக் கார்ட்ரிட்ஜ், எந்த டிரைவ், எந்நேரம், அறையின் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு என்பவற்றையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். டிரைவ் அனுப்பும் டேப்அலர்ட் எச்சரிக்கையின் எண் இருந்தால் அது மிகவும் மதிப்புள்ள தடயம், ஏனெனில் படிக்கும் பிழையா, எழுதும் பிழையா, நாடாவின் ஆயுள் முடிந்ததா, கார்ட்ரிட்ஜின் நினைவுச்சில்லு பழுதா, ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமா என்பதை அது தனித்தனியே பிரித்துச் சொல்கிறது.

அடுத்தது இடமாற்றிச் சோதித்தல். நன்றாக இருப்பதாகத் தெரிந்த, முக்கியமான தரவு எதுவும் இல்லாத ஒரு கார்ட்ரிட்ஜை அதே டிரைவில் ஏற்றிப் பார்த்தால் குற்றம் டிரைவினுடையதா என்பது தெரிந்துவிடும். ஐயத்துக்குரிய கார்ட்ரிட்ஜை வேறு டிரைவில் ஏற்றுவதற்கு முன்போ, அதன் கதவைத் திறந்து நாடாவின் முனையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். மடிப்பு, கிழிசல், பூசணம், ஈரம், தூள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஏற்றக் கூடாது. கெட்டுப்போன நாடா ஒரு நல்ல டிரைவைக் கெடுக்கும். அந்த டிரைவ் அடுத்தடுத்து ஏற்றப்படும் நல்ல நாடாக்களைக் கெடுக்கும்.

டிரைவ் கார்ட்ரிட்ஜை ஏற்காமல் வெளியே தள்ளுகிறது

முதலில் தலைமுறை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளைப் படித்தன. எல்டிஓ-8, எல்டிஓ-9 டிரைவ்களில் அது ஒன்றாகக் குறைந்துவிட்டது. எல்டிஓ-8 டிரைவில் எல்டிஓ-7 படிக்கும், எல்டிஓ-6 படிக்காது. பழைய டிரைவைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கிய அலுவலகங்களில் ஒரே நாளில் பீரோ நிறைய நாடாக்கள் ‘கெட்டுப்போவது’ இந்தக் காரணத்தால்தான்.

தலைமுறை சரியாக இருந்தால், கார்ட்ரிட்ஜின் கதவுக்குள் நாடாவின் முனையைப் பிடித்திருக்கும் சிறிய உலோக முள் தன் இடத்தில் நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் கைதவறிக் கீழே விழுந்தால் இந்த முள் நழுவிவிடக்கூடும். நழுவிய முள்ளோடு ஏற்றினால் டிரைவின் உட்பகுதி நாடாவைக் கவ்வ முடியாமல் அதைச் சிக்கலாக்கிவிடும். விழுந்த கார்ட்ரிட்ஜின் ஓடு உடைந்திருந்தாலும், குலுக்கும்போது உள்ளே சத்தம் கேட்டாலும் அதை மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே முறை.

எல்டிஓ-9 வைத்திருப்பவர்கள் தனியாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறையின் புதிய நாடாவை முதன்முறை ஏற்றும்போது, அந்தச் சூழலில் நாடாவின் அகலம் எவ்வளவு என்பதை டிரைவ் அளந்து பதிந்துகொள்கிறது. இதற்குச் சராசரியாக 40 நிமிடமும் சில வேளைகளில் 2 மணி நேரம் வரையும் ஆகலாம். டிரைவ் உறைந்துவிட்டது என்று எண்ணி இடையில் மின்சாரத்தை நிறுத்துவது பெரும் பிழை.

எழுதும் வேகம் விழுந்து, நாடா முன்னும் பின்னும் ஓடுகிறது

இந்த ஒலியைக் கேட்டவர்கள் பழுது டிரைவில் என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் டிரைவ் நலமாகவே இருக்கும். கணினிதான் அதற்குத் தரவைப் போதிய வேகத்தில் ஊட்டவில்லை. எல்டிஓ-8 டிரைவ் வினாடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். ஒரு கிகாபிட் நெட்வொர்க் வழியாக வருவது நடைமுறையில் சுமார் 110 மெகாபைட் மட்டுமே. தரவின் வரத்துக்கு ஏற்ப டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே வரத்து போனால் டிரைவ் நின்று, பின்னே சென்று, மீண்டும் ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் நாடாவையும் ஹெட்டையும் தேய்க்கிறது என்பதால் இதை வெறும் வேகக் குறைவு என்று விட்டுவைக்கக் கூடாது.

லட்சக்கணக்கான சிறு கோப்புகளை நேரடியாக நாடாவுக்கு அனுப்பாமல், அவற்றை உள்ளூர் எஸ்எஸ்டி ஒன்றில் ஒரே பெரிய கோப்பாகத் திரட்டி, அங்கிருந்து எழுதினால் பெரும்பாலான இடங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். அவ்வாறு செய்தபின்னும் வேகம் விழுந்தால், எல்லா நாடாவிலும் விழுகிறதா, ஒரே நாடாவில் விழுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நாடாவில் மட்டும் என்றால், டிரைவ் அதன் சில பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது என்று பொருள். அந்த நாடாவிலுள்ள தரவைப் படியெடுத்துக்கொண்டு அதைப் பணியிலிருந்து விலக்கலாம்.

அட்டையில் போட்ட அளவு கொள்ளவில்லை

இது பழுதே அன்று. எல்டிஓ-8இன் உண்மையான கொள்ளளவு 12 டெராபைட். அட்டையில் பெரிதாக அச்சிடப்படும் 30 என்பது, தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டது. எக்ஸ்ரே படங்கள், காணொளிகள், ஜேபெக் படங்கள், ஏற்கெனவே மறையாக்கம் செய்த கோப்புகள் ஆகியவை மேலும் சுருங்கா. 12க்கும் வெகுவாகக் குறைந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அப்போது மேலே சொன்ன மறு எழுத்து அல்லது இடையறாத நிறுத்தமே காரணமாக இருக்கும்.

சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு அடிக்கடி எரிகிறது

எப்போதாவது எரிந்தால் சுத்திகரிப்புக் கார்ட்ரிட்ஜை ஒருமுறை ஏற்றினால் போதும். டிரைவைப் பொறுத்து அது 15 முதல் 50 முறை வரை பயன்படும். அதற்குமேல் டிரைவ் அதை ஏற்காது. விளக்கு எரியாதபோது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாராவாரம் சுத்தம் செய்வது தீங்கு. சுத்திகரிப்பு நாடா ஹெட்டை லேசாகத் தேய்க்கும் தன்மையது. தேவைக்கு மேல் ஓட்டினால் ஹெட்டின் ஆயுள் குறையும்.

சுத்தம் செய்த சில நாளிலேயே விளக்கு மீண்டும் எரிந்தால், அதற்குச் சற்று முன் எந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்றப்பட்டது என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கார்ட்ரிட்ஜ் வந்தால் தூள் உதிர்வது அதிலிருந்துதான். வெவ்வேறு கார்ட்ரிட்ஜ்கள் என்றால் அறையைப் பார்க்க வேண்டும். கடற்கரைச் சாலையை ஒட்டிய கட்டடங்களிலும், கடலூரின் கடற்கரைப் பகுதியான தேவனாம்பட்டினம் பக்கத்திலும், ஜன்னலைத் திறந்துவைத்தால் உப்புக்காற்று உள்ளே வரும். டிரைவின் மின்விசிறி அந்தக் காற்றை ஹெட்டின் மீதுதான் இழுத்துவிடுகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஹெட்டின் நுண்ணிய உலோகப் பரப்பு அரிக்கப்படும், அவ்வாறு அரித்ததை எந்தச் சுத்திகரிப்பும் சரிசெய்யாது. டிரைவ் இருக்கும் அறையின் ஜன்னலை நிரந்தரமாக மூடிவைப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

படிக்கும்போது பிழை வருகிறது

எல்லாவற்றிலும் அதிக அச்சம் தருவதும், அதிகப் பொறுமையைக் கேட்பதும் இந்த அறிகுறியே. எல்டிஓ நாடாவின் அகலம் 12.65 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்குள் எல்டிஓ-6 வகையில் 2,176 தடங்களும், எல்டிஓ-8இல் 6,656 தடங்களும், எல்டிஓ-9இல் 8,960 தடங்களும் அடங்குகின்றன. நாடாவின் அடிப்படலம் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது; வெப்பத்தாலும் ஈரத்தாலும் அது மிக நுண்ணிய அளவில் விரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிவே தடங்கள் ஹெட்டுக்கு நேராக அமையாமல் போவதற்குப் போதுமானது. உலர்ந்த குளிரறையில் எழுதிய நாடாவை ஐப்பசி மழையில் ஊறிய அறையில் படிக்க முயன்றால், தரவு முழுமையாக இருந்தும் பிழை வரலாம். ஆகவே முதல் மருந்து காத்திருத்தல். கார்ட்ரிட்ஜை டிரைவ் இருக்கும் அறையிலேயே 24 மணி நேரம் வைத்துவிட்டு மறுநாள் படித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. 20 பாகை குளிரில் வைத்திருந்த கார்ட்ரிட்ஜை அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெளியே எடுத்தால், கடற்காற்றிலுள்ள நீராவி அதன்மேலும் அதனுள்ளும் பனித்துவிடும். அந்த ஈரத்தோடு டிரைவில் ஏற்றினால் நாடா ஹெட்டில் ஒட்டி இழுபடும். குளிரறையில் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, வெளியே கொண்டுவந்தபின் பையின் வெளிப்புறம் முற்றிலும் காய்ந்து, உள்ளிருப்பது அறை வெப்பத்தை அடையும்வரை பையைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஓர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டோவில் நாடா எடுத்துச்செல்லும் ஒவ்வொருவரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

காத்திருந்தபின்னும் பிழை தொடர்ந்தால், ஹெட்டை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, பிழை எப்போதும் ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறி மாறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடம் மாறினால் குற்றம் டிரைவினுடையது அல்லது கேபிளினுடையது. டிரைவைக் கணினியோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கேபிளைக் கழற்றி மாட்டுவதும், வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. ஆனாலும் பலர் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். ஒரே இடத்தில் வந்தால் நாடாவின் அந்தப் பகுதியில் குறை இருக்கலாம். அப்போதும் அதே தலைமுறையைச் சேர்ந்த வேறொரு டிரைவில், இயன்றால் அந்த நாடாவை முதலில் எழுதிய டிரைவிலேயே, படித்துப் பார்க்க வேண்டும். எழுதிய டிரைவின் ஹெட் சற்றே விலகியிருந்தால், அது எழுதியதை அது மட்டுமே நன்றாகப் படிக்கும். அவ்வாறு படிக்க முடிந்தால் அந்த டிரைவைப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன் அது எழுதிய எல்லா நாடாக்களையும் படியெடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் மீட்க வழியில்லாமல் போகும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படிக்கவைத்து நாடாவை வதைப்பது கூடாது. இரண்டு மூன்று முயற்சிகளில் வரவில்லையென்றால், அந்த இடத்தைத் தாண்டி அப்பாலுள்ளவற்றை முதலில் மீட்டுக்கொண்டு, விடுபட்ட பகுதியை இரண்டாம் படியிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாம் படி இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு மீட்பு நிபுணரை நாடுவது நல்லது.

நாடா ஓடுகிறது, ஆனால் கோப்புகளைக் காணவில்லை

இங்கே பெரும்பாலும் குறை நாடாவில் இல்லை, அதைக் கையாளும் முறையில்தான்; மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு சாதனப் பெயர்கள் உண்டு. ‘எஸ்டி’ (st) என்று தொடங்குவது வேலை முடிந்ததும் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுருட்டிவிடும். ‘என்எஸ்டி’ (nst) என்று தொடங்குவது சுருட்டாது. முதற் பெயரைப் பயன்படுத்தி இரண்டு காப்புப்படிகளை அடுத்தடுத்து எழுதினால், இரண்டாவது முதலாவதன் மேலேயே பதியும். இதைவிடக் கொடியது, எழுத்து முடியும் இடத்தில் டிரைவ் ஒரு தரவு முடிவுக் குறியை இடுவது. அதற்கு அப்பால் பழைய தரவு காந்த வடிவில் இருந்தாலும் சாதாரண டிரைவ் அங்கே செல்ல மறுத்துவிடும். ஒரு சிறு தலைப்பை நாடாவின் தொடக்கத்தில் தவறி எழுதினால் அதிலிருந்த 12 டெராபைட்டும் எட்டாமல் போகலாம். எழுத்துத் தடுப்புத் தாழைப் பற்றி முதலிலேயே எழுதியது இதற்காகத்தான்.

இரண்டாவது, தொகுதி அளவு, அதாவது ஒரே முறையில் எழுதப்படும் தரவுத் துண்டின் அளவு. நாடாவில் 256 கிலோபைட் தொகுதிகளாக எழுதியதைச் சிறிய அளவில் படிக்க முயன்றால், லினக்ஸ் ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்ற பொருத்தமற்ற செய்தியைத் தரும். டிரைவை மாறும் தொகுதி முறைக்கு மாற்றிவிட்டுப் பெரிய அளவில் படித்தால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும்.

மூன்றாவது, நாடாவை டிஸ்கைப் போலக் கோப்புகளாகக் காட்டும் எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதிய நாடாவின் அட்டவணை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், கோப்புகள் பதிந்திருந்தும் அட்டவணை புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். எல்டிஎஃப்எஸ் தொகுப்போடு வரும் சரிபார்ப்புக் கருவி பெரும்பாலும் அதைச் சீர்செய்துவிடும். எந்தக் கோப்பு எந்த நாடாவில் என்று காப்புப்படி மென்பொருள் வைத்திருக்கும் பட்டியலான கேட்டலாக் தொலைந்திருந்தால் நாடாக்களை மீண்டும் படிக்கவைத்து அதை உருவாக்க முடியும். நாட்கணக்கில் ஆகும் என்பதால் கேட்டலாக்கையும் தனியே படியெடுத்து வைப்பது நல்லது.

நாடா வெள்ளத்தில் நனைந்துவிட்டது

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. நனைந்த நாடாவைப் பற்றி நாம் அறிந்திருப்பது வீண் எச்சரிக்கை அன்று.

நனைந்த கார்ட்ரிட்ஜை எக்காரணம் கொண்டும் டிரைவில் ஏற்றக் கூடாது. வெயிலில் காயவைக்கவும் ஹேர் டிரையர் காட்டவும் கூடாது. சேற்று நீரிலோ உப்பு நீரிலோ நனைந்திருந்தால், சேறும் உப்பும் காய்ந்து இறுகுவதற்கு முன் வெளிப்புறத்தைத் தூய நீரால் அலச வேண்டும். காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் நன்று. உறையவைக்கவும் கூடாது. பிறகு தாமதமின்றி நிபுணரிடம் சேர்க்க வேண்டும், ஏனெனில் நம் வெப்பத்தில் இரண்டு நாளிலேயே பூசணம் பிடிக்கத் தொடங்கும். நம்பிக்கையை இழக்க வேண்டியதில்லை: 1986இல் விபத்துக்குள்ளான சேலஞ்சர் விண்ணோடத்தின் நாடாக்கள் ஏறத்தாழ ஆறு வாரம் கடல்நீரில் கிடந்தும், பொறுமையாக அலசி உலர்த்தியபின் படிக்கப்பட்டன.

பழைய நாடா ஒட்டுகிறது, கீச்சிடுகிறது

1970, 80களின் ரீல் நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்துத் தற்காலிகமாகப் படிக்கத்தக்கதாக்கும் முறை ஒன்று ஆய்வகங்களில் உண்டு. வீட்டு அடுப்பில் அதை முயல்வது தரவை அழிப்பதற்குச் சமம். எல்டிஓ-7 முதல் எல்லா நாடாக்களிலும் உள்ள பேரியம் ஃபெரைட் துகள்கள் ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதால் அவை மேலும் துருப்பிடிப்பதில்லை. ஆனாலும் பசையும் அடிப்படலமும் ஈரத்துக்கு அஞ்ச வேண்டியவையே.

மீண்டும் வராமல் இருக்க

நாடாக்களுக்கு 30 ஆண்டு ஆயுள் என்று சொல்லப்படுவது, 16 முதல் 25 பாகை வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் வைத்தால்தான். குளிர்ந்த அறை உலர்ந்த அறை என்று எண்ணிவிடக் கூடாது. ஏசி ஓடும் அறையிலும் இங்கே ஈரப்பதம் 60, 70 என்று நிற்கக்கூடும். மாலையில் ஏசியை நிறுத்திவிட்டுக் கிளம்பும் அலுவலகத்தில் ஒவ்வோர் இரவும் அது ஏறி, ஒவ்வொரு காலையும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் நிலையான ஈரத்தைவிடக் கெடுதலானது. நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கும் ஓர் ஈரப்பதமானியும், ஈரம் நீக்கும் கருவி ஒன்றும், நாடாவுக்கென மூடிய அலமாரியும் இருந்தால் மேலே எழுதியவற்றில் பாதி நேராமலே போகும்.

இரண்டாம் படி கட்டாயம். புதுச்சேரியின் படியைக் கடலூரில் வைப்பதும், கடலூரின் படியைப் புதுச்சேரியில் வைப்பதும் இரண்டாம் படி ஆகா. இருபது சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் தானே புயல் இரண்டு ஊர்களையும் ஒருசேர அடித்தது. வேலூர், திருச்சி, கோவை போன்ற உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஒரு பகுதிப் பயனர்களின் ஜிமெயில் கடிதங்கள், பல தரவு மையங்களில் இருந்த படிகளிலும் சேர்ந்து மறைந்தபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்துதான் மீட்டது. கணினியோடு இணைப்பில்லாமல் அலமாரியில் கிடப்பதே நாடாவின் வலிமை.

ஆண்டுக்கு ஒருமுறையாவது சில நாடாக்களை எடுத்து, எழுதிய டிரைவ் அல்லாத வேறொரு டிரைவில் கோப்புகளை முழுமையாக மீட்டு, அவற்றின் சரிபார்ப்புத் தொகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணை) ஒப்பிட வேண்டும். தலைமுறை மாற்றத்தையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எல்டிஓ-5, எல்டிஓ-6 நாடாக்களைப் படிக்கக்கூடிய கடைசி டிரைவ் எல்டிஓ-7. 2025இல் வந்த எல்டிஓ-10 டிரைவோ தனக்கு முந்தைய எந்தத் தலைமுறையையும் படிப்பதில்லை. பழைய தலைமுறை நாடாக்கள் கைவசம் உள்ளவர்கள், பழுதுபார்க்கத்தக்க ஓர் எல்டிஓ-7 டிரைவ் கிடைக்கும்போதே படியெடுப்பைத் தொடங்கி முடித்துவிட வேண்டும்.